விட்டிலின் கண்ணும் கருப்புத் துணியும்: எதிரொளிப்பு நீக்கும் நுண்கட்டமைப்புகளின் வரலாறு

வெள்ளகோவில், திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்துக்கும் கரூருக்கும் இடைப்பட்ட வறண்ட நிலப்பகுதியில் உள்ள ஊர். நூற்பாலைகளும் விசைத்தறிகளும் கொண்ட இந்த ஊரிலும், மேற்கே திருப்பூர் வரை நீளும் பனியன் தொழில் வட்டாரத்திலும் துணியோடு பழகிய எவருக்கும் ஒரு செய்தி தெரியும். ஈரமாக இருக்கும்போது கன்னங்கரேல் என்று தெரியும் துணி, காய்ந்ததும் ஒரு படி வெளிறிவிடும். அதனால் சாயப்பட்டறையில் நிறம் பார்ப்பவர் ஈரத் துணியை வைத்து முடிவு சொல்வதில்லை. மாதிரியைக் காயவைத்த பிறகே வாடிக்கையாளர் அனுப்பிய நிறத்தோடு ஒப்பிடுவார். காய்ந்த துணியிலிருந்து சாயம் எங்கும் போய்விடவில்லை. துணியின் பரப்பில் பட்டுத் திரும்பும் வெள்ளை ஒளிதான் கூடியிருக்கிறது. இந்தத் திரும்பும் ஒளியை எப்படிக் குறைப்பது என்பது ஒளியியலில் இருநூறு ஆண்டுக் கேள்வி. அதற்குக் கிடைத்த மிக நுட்பமான விடைகளுள் ஒன்று விளக்கைச் சுற்றி வரும் விட்டில் பூச்சியின் கண்ணில் இருந்தது.

எதிரொளிப்பு நீக்கும் நுண்கட்டமைப்புகள் என்பவை, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய மேடுகளையோ குழிகளையோ நெருக்கமாகக் கொண்ட பரப்புகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் அடங்கும்.) மேடுகள் இதைவிடச் சிறியவையாக, 200 நானோமீட்டர் அளவில் இருந்தால், ஒளி அவற்றைத் தனித்தனி மேடுகளாக உணராது. காற்றும் பொருளும் கலந்த ஒரு கலவையாகவே உணரும். மேட்டின் நுனியில் அந்தக் கலவை பெரும்பாலும் காற்று. அடியில் பெரும்பாலும் பொருள். காற்றிலிருந்து பொருளுக்குள் ஒளி திடீரென நுழையாமல் சிறிது சிறிதாக இறங்குகிறது.

எதிரொளிப்பு ஏற்படுவதே அந்தத் திடீர் மாற்றத்தால்தான். காற்றின் ஒளிவிலகல் எண் 1. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. இரண்டும் சந்திக்கும் எல்லையில், நேராக விழும் ஒளியில் 4 விழுக்காடு திரும்பிவிடும். எண்களின் இடைவெளி கூடக்கூடத் திரும்பும் ஒளியும் கூடும். பாலியெஸ்டர் இழைக்கு இது ஏறத்தாழ 6 விழுக்காடு. மெருகேற்றிய சிலிக்கானுக்கு 30 விழுக்காட்டுக்கும் மேல். கிணற்றின் செங்குத்துச் சுவரில் மோதும் அலை அப்படியே திரும்புவதையும், குளத்தின் சரிவான கரையில் ஏறும் அலை அடங்கிப்போவதையும் ஒரு தோராயமான உவமையாகக் கொள்ளலாம். முழுப் பொருத்தமான உவமை அல்ல. கரையில் அலை அழிந்துபோகிறது, இங்கே ஒளி அழியாமல் உள்ளே செல்கிறது.

பழுதான கண்ணாடியிலிருந்து தொடக்கம்

வரலாறு பூச்சியிலிருந்து தொடங்கவில்லை. கெட்டுப்போன கண்ணாடியிலிருந்து தொடங்கியது. செருமனியின் யோசப் ஃபிரான்ஹோஃபர் 1817-ல், அமிலம் அரித்த கண்ணாடிப் பரப்பு குறைவாக எதிரொளிப்பதைக் கண்டார். அப்போது அதற்கு விளக்கம் இல்லை. 1880-ல் இங்கிலாந்தின் ரேலி பிரபு, இரண்டு ஊடகங்களுக்கு இடையிலான மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தால் அலையின் எதிரொளிப்பு என்னவாகும் என்று கணக்கிட்டு எழுதினார். விட்டிலின் கண்ணுக்குத் தேவையான கோட்பாடு முழுவதும் அந்தக் கணக்கில் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் படிப்படியாக மாறும் ஒரு பரப்பை எப்படிச் செய்வது என்பதற்கு அன்று வழியில்லை.

1892-ல் யார்க் நகரத்தின் குக் நிறுவனத்தில் ஒளியியல் வடிவமைப்பாளராக இருந்த டென்னிஸ் டெய்லர், நாள்பட்டு மங்கிய வில்லைகள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். வாடிக்கையாளர்கள் பழுது என்று நினைத்தது உண்மையில் நன்மை. அதே மங்கலைச் செயற்கையாக உண்டாக்கும் முறைக்கு 1904-ல் காப்புரிமை பெற்றார். முறை நம்பகமாக இல்லாததால் பரவலாகவில்லை.

அதற்குப் பின் வந்தவர்கள் வேறு பாதையில் போனார்கள். பரப்பைக் கரடாக்குவதற்குப் பதிலாக, அதன்மீது ஒரு மெல்லிய படலத்தைப் பூசினார்கள். படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் திரும்பும் இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அதன் தடிமன் அமைக்கப்பட்டது. 1935-ல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடத்தில் படலம் பூசும் முறையை உருவாக்கினார். 1938-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு தடிமனுள்ள அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக 44 முறை ஏற்றி, பளபளப்பே இல்லாத கண்ணாடியைச் செய்தார். இன்று மூக்குக் கண்ணாடிக் கடையில் கிடைக்கும் எதிரொளிப்பற்ற வில்லைகள் இந்த வழியில் வந்தவை. அவற்றைச் சாய்த்துப் பார்த்தால் இளம்பச்சையோ ஊதாவோ தெரியும். படலம் ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கும் கோணத்துக்கும் மட்டுமே சரியாகப் பொருந்தும் என்பதே அந்த நிறம் சொல்லும் செய்தி.

ராமனும் பனங்காடையும்

உயிரினங்களின் உடற்பரப்பு ஒளியை எப்படிக் கையாளுகிறது என்ற கேள்வியை இந்தியாவில் இயற்பியலுக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். பெங்களூரில் இருந்தபோது, 1934-ல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில், பறவைச் சிறகுகளின் நிறம் குறித்தும் சிப்பிகளின் வானவில் மினுமினுப்புக் குறித்தும் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட பறவைகளில் ஒன்று பனங்காடை. கொங்குநாட்டுக் காடுகளில் கம்பிமேல் உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரிந்து, பறக்கும்போது நீலமாகச் சிறகு விரிக்கும் அதே பறவைதான். அதன் நீலம் நீலச் சாயத்தால் வந்ததல்ல, சிறகின் உள் அமைப்பால் வந்தது.

நிறத்தைச் சாயம் மட்டும் தீர்மானிப்பதில்லை, நுண்ணிய வடிவமும் தீர்மானிக்கிறது என்பதே இந்த ஆய்வுகளின் சாரம். ராமன் பார்த்தது நிறம் உண்டாக்கும் அமைப்பை. விட்டிலின் கண்ணில் இருப்பது ஒளி திரும்பாமல் தடுக்கும் அமைப்பு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனால் 200 நானோமீட்டர் மேடுகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒளியைவிடச் சிறிய ஒன்றை ஒளியைக் கொண்டே காண்பது கடினம். எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகங்களில் பரவும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்ணில் கண்ட மேடுகள்

1962-ல் சுவீடனைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் கார்ல் குஸ்தாஃப் பெர்ன்ஹார்டும் அமெரிக்கரான வில்லியம் மில்லரும், அந்துப்பூச்சியின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிறு வில்லையின் மேற்பரப்பிலும் ஒழுங்காக அடுக்கிய முலைக்காம்பு போன்ற மேடுகள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு வெளியிட்டனர். மேடுகளின் உயரமும் இடைவெளியும் ஏறத்தாழ 200 நானோமீட்டர். இவை எதற்கு என்ற கேள்விக்கு, மொல்லர் என்பவரும் சேர்ந்து 1965-ல் விடை தந்தனர். மேடுகள் மிகச் சிறியவை என்பதால் அவற்றைப் பெரிதாக்கிய மாதிரி ஒன்றைச் செய்து, ஒளிக்குப் பதிலாக அதற்கேற்ற நீண்ட அலைநீளமுள்ள நுண்ணலையை அதன்மீது செலுத்திப் பார்த்தனர். எதிரொளிப்பு குறைந்தது. ரேலி தாளில் கணக்கிட்டதைப் பூச்சி கண்ணில் செய்து வைத்திருந்தது.

1970-ல் பெர்ன்ஹார்டின் குழு 361 பூச்சி இனங்களின் கண்களை ஒப்பிட்டது. சிலவற்றில் மேடுகள் உயரமானவை, சிலவற்றில் தாழ்வானவை, பலவற்றில் இல்லவே இல்லை. பகலில் பறக்கும் பட்டாம்பூச்சிகள் பலவற்றிலும் இவை உண்டு. ஆனால் எலுமிச்சைச் செடியில் முட்டையிடும் வகையைச் சேர்ந்த அழகிகளின் குடும்பத்தில் ஏறக்குறைய இல்லை. ஆகவே 'அந்துப்பூச்சிக் கண்' என்ற பெயர் முழுச் சரியானது அல்ல என்றாலும் அது நிலைத்துவிட்டது.

பூச்சிக்கு இதனால் என்ன பயன் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, இரவில் கிடைக்கும் அரிய ஒளியில் 4 விழுக்காட்டை இழக்காமல் இருப்பது. மற்றொன்று, நிலவொளியில் கண் பளபளத்துப் பறவைக்கோ பல்லிக்கோ காட்டிக்கொடுக்காமல் இருப்பது. 4 விழுக்காடு ஒளி கூடுவதால் பார்வை பெரிதாக மாறிவிடாது. பளபளப்பு மறைவதோ உயிர் பிழைப்பதற்கு நேரடியாக உதவும். இரண்டாவது கருத்தே வலுவானதாகத் தோன்றுகிறது.

திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டைப் பகுதி பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. பட்டுப்புழுவின் வளர்ந்த நிலையும் ஓர் அந்துப்பூச்சிதான். ஆனால் நூல் எடுக்க விற்கும் கூட்டிலிருந்து அந்தப் பூச்சி வெளியே வருவதில்லை. கூடு வெந்நீரில் வேகும்போதே அதன் கதை முடிந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாபம், ஹட்லி இருவரும் 1973-ல் இந்த மேடுகளைச் செயற்கையாகச் செய்து காட்டினர். ஒளிபட்டால் கரைதன்மை மாறும் பூச்சு ஒன்றின்மீது இரண்டு லேசர் கற்றைகளைக் குறுக்காகச் செலுத்தினர். கற்றைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாக்கிய வெளிச்சமும் இருளும் கலந்த கோலம் பூச்சில் பதிந்து, கழுவியதும் மேடுகளாக நின்றது. கோட்பாட்டுக்கும் செய்முறைக்கும் இடையே 93 ஆண்டுகள் ஓடியிருந்தன.

துணிக்கு வந்த கண்

கேமரா வில்லைக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் இந்த அமைப்பு வந்து சேர்வதற்கு வெகு முன்பே அது துணிக்கு வந்துவிட்டது. இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காமல் கடக்கும் பகுதி இது. துணி நெய்யும் வட்டாரத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இதுவே.

பாலியெஸ்டரின் பழைய குறை, அதில் ஆழ்ந்த கருப்பு வராது என்பது. இழை உருகிய நிலையில் சிறு துளை வழியே இழுக்கப்படுவதால் கண்ணாடிக் கம்பிபோல வழவழப்பாக இருக்கும். ஒளிவிலகல் எண்ணும் பருத்தியைவிட அதிகம். எவ்வளவு சாயம் ஏற்றினாலும், இழைக்குள் நுழைவதற்கு முன்பே திரும்பிவிடும் ஒளியைச் சாயம் தொட முடியாது. ஒரு கட்டத்துக்குமேல் சாயத்தை இரட்டித்தாலும் துணி கருக்காது, செலவுதான் கூடும். விருந்துகளுக்கும் துக்க நிகழ்வுகளுக்கும் ஆழ்ந்த கருப்பு உடை அணியும் ஜப்பானில் இந்தக் குறை வணிகத்துக்குப் பெரிய தடையாக இருந்தது.

ஜப்பானின் குராரே நிறுவனம் 1980-களில் எஸ்.என். 2000 என்ற இழையை அறிமுகப்படுத்தியது. பாலியெஸ்டரை உருக்கும்போதே மிக நுண்ணிய சிலிக்கா துகள்களைக் கலந்து இழை எடுத்தனர். நெய்த துணியைக் காஸ்டிக் கரைசலில் போட்டபோது இழையின் மேற்பரப்பு சிறிது கரைந்து, துகள்கள் இருந்த இடங்களில் நுண்குழிகள் உண்டாயின. இரவுப் பூச்சியின் கண்ணில் மேடுகள், இங்கே குழிகள். ஒளியின் கணக்கில் இரண்டும் ஒன்றே. அதே அளவு சாயத்தில் துணி மேலும் கருத்தது.

இதில் புதிய இயந்திரம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாலியெஸ்டர் துணியைக் காஸ்டிக்கில் போட்டு எடை குறைத்து மென்மையாக்குவது சாயத்தொழிலில் முன்பே இருந்த வழக்கம். லேசரும் வெற்றிட அறையும் இல்லாமல், தொட்டியும் கரைசலும் கொண்டு நானோ அளவுப் பரப்பைக் கிலோமீட்டர் கணக்கில் செய்ய முடிந்தது.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1970-களின் இறுதியில் தொடங்கி 1980-களில் வேகமெடுத்தது. ஆனால் அங்கே முதன்மை இழை பருத்தி. செடியில் விளையும் இழைக்குள் சிலிக்காவைக் கலந்து உருக்க வழியில்லை. ஆகவே விட்டிலின் கண் அந்த வடிவத்தில் திருப்பூருக்கு வரவில்லை. பருத்திக்கு வந்தது மற்றொரு வழி, அதாவது படலம். சாயம் ஏற்றிய துணிக்குக் கடைசியில் கொடுக்கும் சிலிக்கோன் மென்மையூட்டியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.4, பருத்தியின் எண் ஏறத்தாழ 1.55. காற்றுக்கும் பருத்திக்கும் நடுவே அது ஒரு படிக்கட்டாக நிற்கிறது. மென்மையூட்டி கொடுத்தபின் கருப்பும் நீலமும் சற்று ஆழமாகத் தெரிவதற்கு இதுவே ஒரு காரணம். ஈரத் துணி கருப்பாகத் தெரிவதிலும் இதே கணக்குதான்: தண்ணீரின் எண் 1.33. அத்துடன், இழைகளுக்கிடையே இருந்த காற்றைத் தண்ணீர் நிரப்புவதால், ஒளி இழைக்கு இழை மோதிச் சிதறி வெளியேறுவதும் குறைகிறது.

உப்பும் கருப்பும்

இதில் என்ன பெரிய ஆதாயம் என்று கேட்டால், விடை நொய்யலில் இருக்கிறது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். உப்பு இல்லாவிட்டால் சாயம் தண்ணீரை விட்டு நூலுக்கு வராது. வெளிர் நிறங்களுக்குக் குறைந்த உப்பு போதும். கருப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 முதல் 100 கிராம் வரை போடுவது வழக்கம். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும், ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு ஆகிறது. நிறங்களில் சாயமும் அதிகம் கேட்பது, உப்பும் அதிகம் கேட்பது கருப்பே. நூலில் பிடிக்காத சாயம் அலசும் தண்ணீரோடு போய்விடும். உப்போ நூலில் தங்குவதே இல்லை, முழுவதும் கழிவுநீரில்தான் சேரும்.

அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறி, அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன; வேலை இழந்தவர்கள் பலர். அதன்பின், கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறை கட்டாயமாயிற்று. காய்ச்சுவதற்கு எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். ஆகவே ஒரு கருப்புப் பனியனின் கருமைக்கு இரண்டு முறை விலை கொடுக்கப்படுகிறது: ஏற்றும்போது ஒரு முறை, மீட்கும்போது ஒரு முறை.

குறைந்த சாயத்தில் அதே கருமையைத் தரும் பரப்பு கிடைத்தால் இந்த இரண்டு செலவும் குறையும். பருத்தியில் அதைச் செய்வது எளிதல்ல. மேற்பரப்பில் ஏற்றும் எந்த நானோ அமைப்பும் துவைக்கும்போது நிற்க வேண்டும், தொட்டால் சொரசொரக்கக் கூடாது, வியர்வை உறிஞ்சுவதைத் தடுக்கக் கூடாது. விட்டில் தன் கண்ணைத் துவைப்பதில்லை.

கூரைமேல் வந்த கண்

அதே வட்டாரத்தில் இந்த அறிவியல் இன்னொரு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆலைக் கூரைகளிலும் வறண்ட காடுகளிலும் நிற்கும் சூரியத் தகடுகள் எல்லாமே எதிரொளிப்பு நீக்கும் அமைப்பைக் கொண்டவை. சாகிபாபாத்தில் உள்ள அரசு நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் 1977-ல் இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தைச் செய்தது. மெருகேற்றிய சிலிக்கான் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிவிடும் என்பதால், அதை அப்படியே பயன்படுத்த முடியாது. 1974-ல் அமெரிக்காவின் காம்சாட் ஆய்வகம், சிலிக்கானைக் காரக் கரைசலில் அரித்துச் சிறு கூம்புகள் உண்டாக்கும் முறையை வெளியிட்டது. சாயப்பட்டறைக்குப் பழகிய காஸ்டிக்கின் இனத்தைச் சேர்ந்த கரைசல்தான் இங்கும். ஆனால் இந்தக் கூம்புகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை; ஒரு கூம்பில் பட்டுத் திரும்பும் ஒளி பக்கத்துக் கூம்பில் மறுபடி நுழைகிறது. அதன்மேல் சிலிக்கான் நைட்ரைடு படலம் பூசுவதால் தகடு கருநீலமாகத் தெரிகிறது.

விட்டிலின் கண்ணை ஒத்த அமைப்பு சிலிக்கானில் வந்தது 1990-களில். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் குழுவினர் ஒரு வாயுச் சூழலில் சிலிக்கானை மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் தாக்கியபோது, பரப்பு முழுக்க ஊசிகளாகிக் கருத்துப்போனது. 'கருஞ்சிலிக்கான்' என்று பெயர் பெற்ற இது பார்க்க அருமையாக இருந்தும் மின்கலத்துக்கு முதலில் உதவவில்லை. ஊசிகள் கூடும்போது பரப்பளவு கூடுகிறது. அந்தப் பரப்பில் மின்னூட்டங்கள் வீணாயின. ஒளியில் கிடைத்த ஆதாயம் மின்சாரத்தில் தொலைந்தது. அலுமினிய ஆக்சைடின் மெல்லிய உறையால் ஊசிகளை மூடி இதைத் தீர்த்தவர்கள் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினரும் அவர்களது கூட்டாளிகளும், 2015-ல் 22.1 விழுக்காடு திறன் கொண்ட மின்கலத்தை அறிவித்தனர்.

இதற்கிடையே வில்லைகளிலும் திரைகளிலும் விட்டிலின் கண் பரவியது. கேனன் நிறுவனம் 2008-ல் ஒரு கேமரா வில்லையின் உட்பரப்பில் இதைப் பயன்படுத்தியது. உட்பரப்பு என்பதில் ஒரு காரணம் இருக்கிறது. விரல் பட்டால் எண்ணெய் மேடுகளுக்கிடையே புகுந்துவிடும். துடைத்தால் மேடுகள் முறியும். வெளியில் வெயிலிலும் புழுதியிலும் இருபது ஆண்டுகளுக்குமேல் நிற்க வேண்டிய தகட்டின் கண்ணாடிக்கு இதுவே பெரிய கவலை. அதனால் கண்ணாடியின் மேல் பெரும்பாலும் நுண்துளைகள் உள்ள சிலிக்கா படலமே பூசப்படுகிறது. அது சுமார் 2 முதல் 3 விழுக்காடு ஒளியைக் கூடுதலாக உள்ளே விடுகிறது.

ஆனால் பூச்சியும் புழுதியில்தான் வாழ்கிறது. 2010-ல் செருமனியில் ஹென்ரிக் பைஸ்கர், ஸ்டானிஸ்லாவ் கோர்ப் இருவரும் வெளியிட்ட ஆய்வு, கண்ணின் மேடுகள் தூசி ஒட்டுவதையும் குறைக்கின்றன என்று காட்டியது. தூசித்துகள் மேடுகளின் நுனிகளை மட்டுமே தொடுவதால் பிடிமானம் குறைகிறது. 2020-ல் விளாடிமிர் கட்டனாயெவ் குழுவினர், பழ ஈயின் கண்ணில் இந்த மேடுகள் ரெட்டினின் என்ற ஒரு புரதமும் மெழுகும் சேர்ந்து தாமாகவே உருவாக்கும் கோலம் என்று கண்டறிந்தனர். கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-ல் வரிக்குதிரைக் கோடுகள் போன்றவற்றுக்காக முன்வைத்த கோட்பாட்டோடு அது பொருந்தியது. அந்தப் புரதத்தையும் மெழுகையும் கொண்டு, லேசரும் வெற்றிடமும் இல்லாமல், கண்ணாடியின் மேலும் அவர்கள் அதே கோலத்தை வரவழைத்தனர்.

வெள்ளகோவில் வட்டாரத்தில் ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பும் மாதங்களில் தகடுகளை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கிறது. கழுவக் கிடைப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். வெயில் ஏறுவதற்குள் கழுவித் துடைக்காவிட்டால், அது காய்ந்து கண்ணாடிமேல் வெள்ளைத் திட்டாகப் படியும். அந்தத் திட்டு ஒளியைத் திருப்பி அனுப்பத் தொடங்கும்.